லூசிட் கனவு பழகுகிறவர்கள் பாதியில் விட்டுவிடாமல் இருக்க

லூசிட் ட்ரீம் பழகப் போகிறேன் என்று சொன்னதும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கூட்டாளி கேட்ட முதல் கேள்வி, "லூசுக் கனவாடா?" என்பதுதான். தூங்கிக்கொண்டிருக்கும்போதே, கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, இது கனவு என்று நமக்குத் தெரிந்துவிடுவதுதான் அது என்று விளக்கினேன். "தெரிஞ்சு?" என்றான். தெரிந்தால் பறக்கலாம், துரத்துகிறவனைப் பார்த்து ஓடாமல் நின்று யாருடா நீ என்று கேட்கலாம், செத்துப்போனவர்களோடு பேசலாம் என்றேன். "அதான் லூசுன்னு சொன்னேன்" என்று போனை வைத்துவிட்டான். மூன்று மாதம் கழித்து அவனும் கனவு எழுத ஒரு நோட்டு வாங்கினான், அந்தக் கதை பின்னால் வருகிறது.

லூசிட் கனவு காண்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க இணையத்தில் ஆள் பஞ்சமே இல்லை. கையைப் பார், கடிகாரத்தைப் பார், மூக்கைப் பிடி, விடியுமுன் எழுந்திரு. எல்லாம் சரியான வழிகள்தான். ஆனால் மூன்றாவது வாரம் வரும்போது நோட்டு தலையணைக்கு அடியில் போய்விடுகிறது, நாலாவது வாரம் கட்டிலுக்கு அடியில். நானே மூன்று தடவை விட்டுவிட்டு நாலாவது தடவைதான் நிலைத்தேன். அதனால் இங்கே வழிமுறை கொஞ்சமாகவும், விடாமல் இருப்பது நிறையவும் இருக்கும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மனசு உடனே "இதெல்லாம் உடான்ஸ்" என்று ஆரம்பிக்கும். உடான்ஸ் இல்லை. 1975ல் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர், ஆலன் வோர்ஸ்லி என்ற ஆளைத் தலையில் கம்பிகள் ஒட்டித் தூங்க வைத்தார். கனவு காணும் நேரத்தில் உடம்பு முழுக்கக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும், கண் மட்டும் அசையும். அதனால் கனவுக்குள் விழிப்பு வந்ததும் கண்ணை இடது வலதாக இத்தனை தடவை ஆட்ட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள், வோர்ஸ்லி தூக்கத்திலிருந்தபடியே ஆட்டினார், கருவியின் தாளில் அது கோடாக விழுந்தது. ஹெர்ன் செய்ததை அறியாமலே ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜ் சில வருடத்தில் அதையே நிரூபித்தார். 2021ல் வெளியான ஓர் ஆய்வில் ஒருபடி மேலே போய், தூங்குகிற ஆளிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்டு, கண்ணசைவில் இரண்டு என்று பதில் வாங்கியிருக்கிறார்கள். மனசு முரண்டு பிடிக்கும் நாளில் இதை ஒரு தடவை நினைத்துக்கொண்டால் போதும்.

சரி, இப்போது நான் மூன்று தடவையும் எங்கே கோட்டைவிட்டேன் என்று சொல்கிறேன்.

லூசிட் கனவு வந்ததா, வரவில்லையா என்று எண்ணினேன். காலையில் எழுந்ததும், இல்லை. மறுநாளும் இல்லை. பதினைந்து நாள் தொடர்ந்து ஃபெயில் என்று எழுதினால் யாருக்குத்தான் பதினாறாவது நாள் எழுதக் கை வரும்? 2016ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்றில், வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த மாதிரி கனவு கண்டவர்கள் ஏறத்தாழ 55 சதவீதம், மாதம் ஒன்றாவது காண்கிறவர்கள் 23 சதவீதம்தான் என்று வருகிறது. ஆக அது அடிக்கடி நடக்கிற காரியமே இல்லை, அதை வைத்து நாளை அளந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குறுவைக்குப் போடுகிற ஏடிடி 43 நெல்கூட 110 நாள் கேட்கிறது, நட்ட மறுவாரமே வரப்பில் நின்றுகொண்டு கதிர் எங்கே என்று கேட்கிறவனை எங்கள் ஊரில் என்ன சொல்லுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நாலாவது தடவை எண்ணுவதை மாற்றினேன். காலையில் நோட்டில் ஒரு வரியாவது எழுதினேனா, இல்லையா. அவ்வளவுதான். "ஒன்றும் ஞாபகம் இல்லை, ஆனால் எதற்கோ எரிச்சலாக இருந்தது" என்று எழுதினாலும் அது ஒரு டிக்தான். கனவு வருவது நம் கையில் இல்லை, பேனா நம் கையில் இருக்கிறது. மாதக் காலண்டரில் பால் கணக்குப் போடுகிற கட்டத்துக்குப் பக்கத்திலேயே நான் டிக் போட்டேன். அம்மா ஒரு மாதம் அதைப் பால் கணக்கு என்று நினைத்துப் பால்காரரிடம் சண்டைக்குப் போனது தனிக்கதை.

கனவு ஞாபகம் வருவதற்கு

லூசிட் கனவுக்கு அவசரப்படாதீர்கள். கனவே ஞாபகம் இல்லாதவருக்கு லூசிட் கனவு வந்தாலும் வந்தது தெரியாது. முதல் ஒரு மாதம், ஆறு வாரம் இந்த ஒரு வேலை போதும், இதிலேயே ருசி வந்துவிடும்.

ராத்திரி முழுக்கத் தூக்கம் ஒரே சீராக இருப்பதில்லை, ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று ஓடும். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் கண்கள் வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும், நல்ல கதை மாதிரியான கனவுகள் அதில்தான் அதிகம். 1953ல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் இதை வெளியிட்டார்கள். முதல் சுற்றில் அந்தக் கட்டம் சில நிமிடம்தான், விடியவிடிய நீண்டுகொண்டே போகும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று அப்பாயி சொல்லும். பலிக்கிறதோ இல்லையோ, விடியற்காலையில்தான் கனவு நிறைய என்பது மட்டும் உண்மை. அதனால் பன்னிரண்டு மணிவரை ரீல்ஸ் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்தால், இலை போட்டுச் சோறு குழம்பு சாப்பிட்டுவிட்டுப் பாயசம் வருவதற்குள் எழுந்து கை கழுவப் போகிற மாதிரி ஆகும். பத்து மணிக்குப் படுங்கள். ஞாபக சக்திக்கு என்று எதையெதையோ வாங்கித் தின்பதைவிட இந்த ஒரு மாற்றம் எனக்கு அதிகம் கொடுத்தது.

அடுத்தது, கண் விழிக்கிற அந்த ஒரு நிமிடம். இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். விழிப்பு வந்ததும் அசையாதீர்கள். கண்ணைத் திறக்காதீர்கள், புரண்டு படுக்காதீர்கள், மணி என்ன என்று பார்க்காதீர்கள். "இன்றைக்கு என்ன வேலை" என்ற நினைப்பு வந்த நொடியே கனவு கரைந்துவிடும், ஏனென்றால் கனவு நேரத்தில் மூளையில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் ரொம்பக் குறைந்துபோகும், புதிதாக எதையும் பதித்து வைக்கிற வேலை அப்போது சரியாக நடக்காது என்கிறார்கள். அதனால் விழித்ததும் மனசில் தொங்கிக்கொண்டிருப்பது வெறும் வால்தான். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு, "இப்போது எங்கே இருந்தேன், அதற்கு முன்னால் எங்கே" என்று பின்னாலேயே போக வேண்டும். படுத்த பக்கத்தில் ஒன்றும் வரவில்லை என்றால் நீங்கள் வழக்கமாகத் தூங்கும் இன்னொரு பக்கம் மெதுவாகத் திரும்பி அரை நிமிடம் காத்திருங்கள். ஏனென்று கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது, பல நாள் அந்தப் பக்கம் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்.

நோட்டு கொசுவலைக்குள்ளே இருக்க வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஆரம்பத்தில் நான் நோட்டை ஜன்னல் கட்டையில் வைத்திருந்தேன், விழித்ததும் வலையைத் தூக்கி, கையை விட்டு, நோட்டை எடுப்பதற்குள் இரண்டு கொசு உள்ளே வந்துவிடும், அதுகளை அடித்து முடிப்பதற்குள் கனவும் செத்துப்போயிருக்கும். இப்போது நோட்டும் ஒரு பென்சிலும் தலையணைக்கு வலது பக்கம், வலைக்குள். பேனா வேண்டாம், படுத்துக்கொண்டு எழுதினால் மை இறங்காது. லைட் போட வேண்டாம், இருட்டில் கோணல்மாணலாக நாலு வார்த்தை போதும்: "மில் மாடி, எருமை, பெரியப்பா சட்டை." காலையில் காபி குடிக்கும்போது அந்த நாலு வார்த்தையை வைத்து மீதியை விரித்து எழுதிக்கொள்ளலாம். போனில் பேசிப் பதிவு செய்யலாமே என்பார்கள், செய்யலாம், ஆனால் போனைத் தொட்டால் வாட்ஸ்அப்பில் பச்சைப் புள்ளி தெரியும், அத்தோடு சரி. தவிர விடியற்காலை நாலு மணிக்கு நீங்கள் போர்வைக்குள் முனகினால் பக்கத்தில் படுத்திருப்பவர் விபூதி எடுக்கப் போய்விடுவார்.

எழுதும்போது ஒவ்வொரு கனவுக்கும் ஒரு தலைப்பு வையுங்கள். "மாடியில் எருமை" என்று. ஒரு மாதம் கழித்துத் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள், நம் மனசு எவ்வளவு விநோதமான பேர்வழி என்று தெரியும். எனக்கு இந்த ஒரு சுகத்துக்காகவே எழுதலாம் போலிருந்தது, லூசிட் கனவு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்ற நிலைமை அப்போதுதான் வந்தது. அது வந்த பிறகுதான் லூசிட் கனவும் வந்தது என்பது வேறு விஷயம்.

யாரிடம் சொல்வது

தனியாகப் பழகுகிறவர் சீக்கிரம் விட்டுவிடுவார். ஒரு ஆள் வேண்டும், தினமும் கேட்க. ஆனால் வீட்டில் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நம் வீடுகளில் கனவைக் கேட்க மாட்டார்கள், பலன் சொல்வார்கள். பல் விழுந்ததா, யாருக்கோ ஆகாது. கல்யாணம் கண்டாயா, எங்கேயோ சாவு. பாம்பா, நாகநாதர் கோயிலுக்குப் பாலுக்குச் சொல்லு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கெட்ட கனவைப் புகாரில் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள், தேவந்தி உடனே சோமகுண்டம் சூரியகுண்டத்தில் முழுகிக் காமவேளைக் கும்பிடச் சொல்கிறாள். அது பெருமையாகாது என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். ஆக கனவு சொன்னால் பரிகாரம் சொல்லும் பழக்கம் காவிரிக்கரையில் அன்றைக்கே இருந்திருக்கிறது, அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

பலனுக்குப் பயந்து கனவை மறைக்க ஆரம்பித்தால் ஞாபகமும் அடங்கிவிடும், எனக்கு அப்படித்தான் முதல் தடவை ஆனது. அதனால் பலன் சொல்லாத ஆளாகப் பிடியுங்கள். நான் சிங்கப்பூர்க் கூட்டாளியைப் பிடித்தேன். அவனுக்கும் எனக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், நான் ஐந்தரைக்கு அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை அவன் வேலைக்குப் போகிற வழியில் கேட்பான். "மாப்ள, நேத்து நீ எங்க வீட்டு அடுப்படில நின்னு மீன் கழுவிட்டு இருந்த." முதலில் சிரித்தான். அப்புறம் ஒருநாள் அவனே, "டேய், நானும் ஒண்ணு கண்டேன், நம்ம பள்ளிக்கூடம், ஆனா கடலுக்குள்ள" என்று அனுப்பினான். அந்த வாரமே நோட்டு வாங்கிவிட்டான். ஊரைவிட்டு எட்டு வருடமாகத் தங்கும் விடுதியில் இருக்கிறவனுக்குத் தினமும் விடியற்காலையில் ஊருக்கு வந்துபோகிற மாதிரி இருக்கிறதாம். இரண்டு பேருக்கும் ஒரே ஒரு ஒப்பந்தம்: யாரும் யாருக்கும் பலன் சொல்லக்கூடாது, ஒருநாள் விட்டுப்போனால் கேள்வி கேட்கக்கூடாது, இரண்டு நாள் விட்டால் திட்டலாம்.

கனவுக்குள் பிடிபடுவது

ஒரு மாத நோட்டு சேர்ந்த பிறகு அதைத் திரும்பப் படித்து, அடிக்கடி வருவது என்ன என்று கோடு போடுங்கள். பரீட்சை, வண்டி, செருப்பு தொலைவது, யாராவது ஒரு ஆள். அதுதான் உங்களுக்கு அடையாளம். மற்றவர்களின் அடையாளம் உங்களுக்கு உதவாது.

என் நோட்டில் அதிகம் வந்தது பஸ். கனவில் எழுத்து நிலையாக இருக்காது, ஒரு தடவை படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மாறியிருக்கும். அதனால் விழித்திருக்கும்போது எந்த பஸ் வந்தாலும் போர்டை இரண்டு தடவை படிப்பது என்று வைத்துக்கொண்டேன். தஞ்சாவூர், தஞ்சாவூர், சரி நிஜம். வெறுமனே படிக்கக்கூடாது, ஒவ்வொரு தடவையும் "இது கனவாக இருக்கலாமோ" என்று நிஜமாகவே ஒரு நொடி சந்தேகப்பட வேண்டும், சந்தேகம் இல்லாமல் படித்தால் கனவிலும் சந்தேகமில்லாமல் படித்துவிட்டு ஏறிப் போய்விடுவீர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்துப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை, கனவில் மூக்கைப் பிடித்திருந்தாலும் மூச்சு தாராளமாகப் போகும். பஸ் ஸ்டாண்டில் செய்யும்போது பக்கத்தில் நிற்பவர் கொஞ்சம் தள்ளி நிற்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்டாக்காரர்களுக்கென்று ஒரு சோதனையும் இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவார்கள். சித்திரை வெயிலில், காவிரித் தண்ணீரை நம்பியிருக்கும் எங்கள் பாமணியாற்றில் இரு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போனால் சந்தேகமே வேண்டாம், நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

என் உண்மையான அடையாளம் வேறு. அதைக் கண்டுபிடிக்கவே ஐந்து மாதம் ஆனது. அப்பாயி ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் நாற்பத்தி சொச்சம் தென்னை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது அத்தனையும் போயிற்று, காலையில் அப்பாயி கொல்லையில் நின்றபோது வேதாரண்யம் பக்கத்து வானம் வரைக்கும் மறைக்க எதுவுமில்லாமல் வெட்டவெளியாகத் தெரிந்தது. நோட்டை ஒருநாள் முழுசாகப் படிக்கும்போதுதான் கவனித்தேன், நான் கண்ட கனவுகளில் அந்தக் கொல்லை ஏழு தடவை வந்திருக்கிறது, ஏழு தடவையும் தென்னை நிற்கிறது. கிணற்றடிக்குப் பக்கத்தில் சாய்ந்த மரம்கூட அதே சாய்வில். ஒரு தடவைகூட எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. அன்றைக்கு நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதினேன்: தென்னை நின்றால் கனவு.

அப்படி எழுதிப் பத்தொன்பது நாள் கழித்து, கொல்லையில் அப்பாயி மட்டை பின்னிக்கொண்டிருக்கிறது, நான் மேலே பார்க்கிறேன், குலை குலையாகக் காய். மரம் எப்படி நிற்கிறது? அந்தக் கேள்வி வந்ததும் எல்லாம் ஒரு மாதிரி பளிச்சென்று ஆனது, மட்டையின் நரம்பு, அப்பாயி விரலில் இருந்த காய்ப்பு எல்லாம் தெரிந்தது, "இது கனவு" என்று கத்தினேன், விழித்துவிட்டேன். மொத்தம் ஐந்து நொடி இருக்கும்.

ஐந்து நொடிதானே என்று நொந்துவிடாதீர்கள், முதல் தடவை நிறையப் பேருக்கு இப்படித்தான், சந்தோஷமே எழுப்பிவிடும். அடுத்த தடவை கனவுக்குள் விழிப்பு வந்ததும் கத்தாமல் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும், தரையைத் தொட வேண்டும், சுவரைத் தடவ வேண்டும், ஒரே பொருளை முறைத்துப் பார்க்காமல் பார்வையை ஓட விட வேண்டும். கையில் படுகிற உணர்ச்சிதான் கனவுக்குள் நம்மைப் பிடித்து வைக்கும். அப்புறம், என்ன செய்யப் போகிறோம் என்று முன்னாலேயே ஒரு சின்ன வேலை முடிவு செய்து வையுங்கள். நான் வைத்த வேலை திருவையாற்று அசோகா சாப்பிடுவது. இரண்டாவது லூசிட் கனவில் சாப்பிட்டேன், நெய் வாசனைகூட வந்தது, ஆனால் வாயில் போட்டது கரையவே இல்லை, மென்றுகொண்டே விழித்தேன்.

மூணு மணி மோட்டார்

எல்லா வழிகளிலும் பலம் அதிகம் உள்ளது, பாதி ராத்திரிக்கு மேல் எழுந்து மறுபடி படுப்பது. இதை நான் எந்தப் புத்தகத்தையும் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. எங்களுக்கு ஒன்பது மா நிலம், போர் தண்ணீர். மும்முனை கரண்ட் ராத்திரியில் முறை வைத்து வந்த காலத்தில், அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் மோட்டார் போடப் போவது என் வேலை. மூணு மணிக்கு எழுந்து, டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் போய், ஸ்டார்ட்டரை அமுக்கி, குழாயில் தண்ணீர் கொப்பளித்து வருகிறதா என்று நின்று பார்த்து, மடையை வெட்டிவிட்டு, கால் கழுவிக்கொண்டு வந்து படுப்பேன். அந்த இரண்டாவது தூக்கத்தில் வந்த கனவுகள் மாதிரி அத்தனை துலக்கமாக வேறெப்போதும் கண்டதில்லை. பிறகுதான் தெரிந்தது, நாலரை ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து கொஞ்ச நேரம் விழித்திருந்துவிட்டுப் படுத்தால் நேரே நீளமான கனவுக் கட்டத்துக்குள் இறங்குகிறோம் என்று.

படுக்கும்போது லாபெர்ஜ் சொன்ன முறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் கண்ட கனவை மனசில் ஓட்டுங்கள், அதில் உங்கள் அடையாளம் வருகிற இடத்தில் "ஓ, இது கனவு" என்று கண்டுபிடிப்பதுபோல நினைத்துப் பாருங்கள், "அடுத்த கனவில் இது கனவு என்று ஞாபகம் வரும்" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போங்கள். மந்திரம் மாதிரி உருப்போட வேண்டாம். வரும் வழியில் மருந்துக்கடையில் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்று காலையில் நினைத்துக்கொண்டால் சாயங்காலம் கடையைப் பார்த்ததும் சட்டென்று ஞாபகம் வருகிறதே, அதே வேலையைத் தூக்கத்தில் செய்யச் சொல்கிறோம். ஆஸ்திரேலியாவில் 2017ல் வெளியான ஆய்வில் இந்த இரண்டையும், பகலில் செய்யும் சோதனைகளையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 17 சதவீத இரவுகளில் லூசிட் கனவு வந்தது, சொல்லி முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு முயற்சிகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவே பலித்தது. ஆக ரொம்ப நேரம் விழித்துக் கொட்டாவி விட வேண்டியதில்லை. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி நாலரைக்கே திருப்பாவை போட்டுவிடும், அந்த மாதம் அலாரமும் வேண்டாம்.

ஆனால் தினமும் இதைச் செய்யாதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். ருசி கண்ட பூனையாக நான் பதினெட்டு நாள் தொடர்ந்து மூணு மணிக்கு எழுந்தேன். அப்போது ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், ஒருவர் கொண்டுவந்த நாற்பது மூட்டையை இன்னொருவர் பேரில் ஏற்றிவிட்டேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் வண்டியில் வரும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபடியே தூங்கியிருக்கிறேன், பின்னால் இருந்த லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்து எழுப்பினார்கள். மூன்றாவது தடவை நான் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். வாரத்தில் ஒரு ராத்திரி, மறுநாள் வேலை இல்லாத ராத்திரியாகப் பார்த்து, போதும்.

இடையில் ஒருநாள் விழித்தும் கைகால் அசைக்க முடியாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கலாம். பேய் அமுக்குகிறது என்பார்களே, அது. கனவு நேரத்தில் உடம்பைக் கட்டிப்போடுகிற அதே பூட்டு திறக்கக் கொஞ்சம் தாமதமாகிறது, வேறு ஒன்றுமில்லை. கால் கட்டைவிரலை அசைக்கப் பாருங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள், ஒன்றிரண்டு நிமிடத்தில் போய்விடும். மல்லாந்து படுத்தால் அதிகம் வரும், ஒருக்களித்துப் படுங்கள். இதற்குப் பயந்தே நிறையப் பேர் விடுகிறார்கள், முன்கூட்டியே தெரிந்தால் பயம் பாதி.

சரக்கு போட்ட ராத்திரியில் கனவுக் கட்டம் குறைந்துபோகும், அன்றைக்கு நோட்டை எதிர்பார்க்காதீர்கள். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், நிஜம் எது நினைப்பு எது என்று குழம்பிய அனுபவம் உள்ளவர்கள், டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

வறண்டுபோகிற மாதம்

வரும். எல்லாருக்கும் வரும். நோட்டில் வரி குறையும், பஸ் போர்டைப் பார்க்கவே மறந்துபோகும், கூட்டாளியும் மெசேஜ் அனுப்ப மாட்டான். அப்போது புதிதாக ஒரு வழியைத் தேடிப்போவதுதான் நாம் செய்கிற முதல் தப்பு. எனக்குத் தெரிந்த ஒருவர் வாரம் ஒரு முறை மாற்றி மாற்றி எல்லா முறையையும் பார்த்துவிட்டு எதுவும் சரியில்லை என்று விட்டுவிட்டார். எதையும் சேர்க்காதீர்கள், குறையுங்கள். சோதனைகளை நிறுத்துங்கள், மூணு மணி எழுப்பலை நிறுத்துங்கள், காலையில் அந்த ஒரு வரி மட்டும் இருக்கட்டும். பழைய நோட்டைப் படுக்குமுன் இரண்டு பக்கம் படியுங்கள், நான் கண்டதிலேயே கனவைக் கிளப்பிவிட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

முழுசாகவே நிற்கிற காலமும் உண்டு. போன வருடம் சம்பா அறுத்து, கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துவிட்டு, தார்ப்பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு குவியலோடு குவியலாகப் பன்னிரண்டு ராத்திரி படுத்திருந்தேன். மேகம் மூடுகிறதா என்று அரை மணிக்கு ஒருதரம் எழுந்து பார்க்கிறவனுக்குக் கனவு எங்கே வரும்? அப்புறம் வைக்கோல், அப்புறம் உளுந்து, நாற்பது நாள் ஓடிவிட்டது. முன்பாக இருந்தால் நாலாவது தடவையும் விட்டாயிற்று என்று நோட்டைப் பரண்மேல் போட்டிருப்பேன். இந்தத் தடவை விட்ட நாற்பது நாளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கோடு போட்டு, "அறுவடை" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் ஆரம்பித்தேன். பழைய வேகம் உடனே வராது. அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது:

முதல் நாள். ஒன்றும் இல்லை. வாயில் உப்புக் கரித்தது.

இரண்டாம் நாள். யாரோ கூப்பிட்டார்கள், பொம்பளைக் குரல், பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள். பஸ். மன்னார்குடி ஸ்டாண்ட் மாதிரி இருந்தது. ஜன்னலோர சீட், மடியில் யாருடைய குழந்தையோ. போர்டைப் பார்க்கவே இல்லை.